காலனி என்னும் முகவரி



1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக வந்தவர்கள் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகில் தடியடிக்கு உள்ளாகி ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள். அவர்களில் கைக்குழந்தையும் உண்டு. அவர்கள் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் பேச அழைத்த நண்பர்களுக்கு நன்றி.

எதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று கேட்டார்கள். 'காலனி' என்ற சொல்லைப் பற்றி என்றேன். செத்தவர்களை நினைக்கிற இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அன்று அந்த மக்கள் கேட்டது கூலி உயர்வு. சிறையில் இருந்த 652 தொழிலாளர்களின் விடுதலை. ஆனால் வேலை போனால் வீடும் போய்விடும் என்ற நிலையில் இருப்பவன் எந்தக் கூலியையும் துணிந்து கேட்க முடியாது. நம்முடைய எல்லாப் போராட்டத்துக்கும் அடியில் வீடு என்ற கேள்வி கிடக்கிறது. நம் வீட்டுக்கு மற்றவர்கள் வைத்த பெயரில் அந்தக் கேள்வியின் வரலாறு இருக்கிறது.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி. கூடவே ஒரு சங்கடமும் இருந்தது. அந்தச் சங்கடத்தைச் சொல்ல என் ஊருக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் கால்வாய்ப் பாசன ஊர். காரும் பிசானமும் விளைகிற நஞ்சை. பள்ளிக்கூடம் விட்டு டவுன் பஸ்ஸில் வந்தால் முதலில் ஊர் ஸ்டாப், அதற்கு ஒரு பர்லாங் தள்ளி எங்கள் ஸ்டாப். கண்டக்டர் குரல் கொடுப்பார்: "காலனிக்காரங்கள்லாம் வாசலுக்கு வாங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை. ஸ்டாப்பின் பெயரைத்தான் சொன்னார். ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் ஊர் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன். கூடப் படிக்கிற பிள்ளைகள் தெருவுக்குள் போகும் வரைக்கும் செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்து நிற்பேன். பிறகு நடப்பேன். மழையென்றாலும் நடப்பேன். இரண்டு வருஷம் இப்படி நடந்தேன்.

ஒருநாள் எங்கள் ஆச்சி கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்ட்டி, பஸ்ஸு இங்கன நிக்கும்லா, எதுக்கு நடந்து வார?" என்றாள். காலனி என்று கூப்பிடுகிறார்கள், கேவலமாக இருக்கிறது என்றேன். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "காலனின்னா கேவலமா? காலனி வந்தன்னைக்குத்தான்ட்டி நான் காலை நீட்டிப் படுத்தேன்" என்றாள்.

அப்போது எனக்கு அது புரியவில்லை. சமூகவியல் முதுகலை படித்த பிறகுதான் மெல்லப் புரிந்தது.

காலனி வருவதற்கு முன்னால் ஆச்சியும் தாத்தாவும் பண்ணையார் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். பனை ஓலைக் கூரை, மண் சுவர். வெள்ளம் வந்தால் முதலில் நனைகிற பள்ளம். அந்த மண்ணில் நட்ட முருங்கை கூட அவர்களுடையது இல்லை. வேலைக்கு வர மறுத்தாலும், வேறு வயலுக்கு நடவுக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலும் "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்ற ஒரு சொல் போதும். எழுபதுகளில் அரசாங்கம் நிலம் எடுத்து, வரிசையாக வீடு கட்டி, ஆச்சி பெயரில் ஒரு காகிதம் கொடுத்தது. ஒரு அறை, ஒரு திண்ணை. அன்று அவள் தெருவெல்லாம் சொன்னாளாம்: "நமக்குக் காலனி வந்திட்டு. இனி எவனும் நம்மள எந்திரின்னு சொல்ல முடியாதுல்லா."

அதே சொல், அவளுக்கு அது விடுதலை, எனக்கு அது வெட்கம். இடையில் ஒரு தலைமுறைதான். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 'காலனி' ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்தது. 'கொலெரெ' என்றால் உழுவது, பயிர் செய்வது, குடியிருப்பது, பேணுவது. உழுது குடியிருப்பவன் 'கொலோனுஸ்'. அப்படிப்பட்டவர்களை அமர்த்திய இடம் 'கொலோனியா'. ரோமானியர்கள் தாங்கள் பிடித்த நாடுகளில், போரில் பணி முடித்த படைவீரர்களுக்கு நிலம் கொடுத்து உண்டாக்கிய ஊர்கள் அவை. ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயர் அந்தச் சொல்தான். இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் கடைசிப் பகுதியிலும் அது ஒளிந்திருக்கிறது. அடிமை முறைக்கு எதிராக நின்ற ஆபிரகாம் லிங்கனின் குடும்பப் பெயரும் அந்த ஊர்ப் பெயர்தான். கலாச்சாரம் என்று நாம் மொழிபெயர்க்கிற 'கல்ச்சர்', உழவு என்கிற 'அக்ரிகல்ச்சர்' இரண்டும் இதே வேரில் பிறந்தவை.

ஆக, காலனி என்றால் உழுகிறவன் ஊர். தாமிரபரணிக் கரையில் உழுததும் நட்டதும் அறுத்ததும் யார் என்று யோசித்தால், அந்தச் சொல் தெரியாமலே சரியான ஆளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் 'கொலோனுஸ்' என்ற சொல்லின் நிலை இறங்கியது. குத்தகைக்கு உழுத அந்த விவசாயி நிலத்தோடு கட்டப்பட்டவன் ஆனான். கி.பி. 332-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டார். ஒருவருடைய கொலோனுஸ் இன்னொருவரிடம் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். தப்பி ஓட நினைப்பவனை அடிமையைப் போல விலங்கிடலாம். இதைப் படித்தபோது எனக்கு ரோமாபுரி தெரியவில்லை. எங்கள் தாத்தா தெரிந்தார். பண்ணையாள் என்று நாம் சொல்வது இதைத்தான். உழுகிறவன் என்ற பெருமைக்குரிய சொல், ஓட முடியாதவன் என்று பொருள் மாறியது. சொல்லில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நிலத்தின் மேல் அவனுக்கு இருந்த உரிமை மாறியது, அதோடு பொருளும் மாறியது.

நம் மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு: சேரி. சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் அதில் ஒரு இழிவும் இல்லை. சோழர் காலத்தில் பிராமண ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். தஞ்சைப் பெரிய கோயிலைச் சேர்ந்த 400 பெண்கள் குடியமர்த்தப்பட்ட இடம் தளிச்சேரி. புதுச்சேரி இன்றைக்கும் புதுச்சேரிதான். ஆனால் அதே இராஜராஜன் கால கல்வெட்டில் பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. காலப்போக்கில் பார்ப்பனர் இருந்த சேரி அக்கிரகாரம் என்றே அறியப்பட்டது. மற்றவர்கள் இருந்த சேரி தெரு ஆனது. முன்னொட்டு எதுவும் இல்லாமல் வெறுமனே 'சேரி' என்றால் அது நம் இடம் என்று ஆனது.

காலனிக்கும் அதுவே நடந்தது. பாளையங்கோட்டையில் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. என்.ஜி.ஓ. என்றால் அந்தக் காலத்தில் அரசிதழ் பதிவு பெறாத அலுவலர். அங்கே மனை விலையைக் கேட்டுப் பாருங்கள். எல்லா ஊரிலும் ரயில்வே காலனி உண்டு, டீச்சர்ஸ் காலனி உண்டு. அங்கே இருப்பவர்கள் கல்யாணப் பத்திரிகையில் அந்த முகவரியை அச்சடிக்கத் தயங்குவதில்லை. முன்னால் ஒரு பெயர் இருந்தால் காலனி கௌரவம். தனியாக நின்றால் காலனி சாதி. "ஊரா, காலனியா?" என்று கேட்கும்போது யாரும் முகவரி கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகு நேரடியாகச் சாதி கேட்க வெட்கப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தார்கள்.

முதுகலை முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது பாளையங்கோட்டையில் வீடு தேடினேன். ஒரு வீட்டுக்கார அம்மா காப்பி கொடுத்தார். சமையல் மேடை எல்லாம் காட்டினார். முன்பணமும் பேசியாகிவிட்டது. "சொந்த ஊர் எதும்மா?" என்றார். சொன்னேன். "அந்த ஊர்ல உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்றார். உண்மையைச் சொன்னேன். மறுநாள், தம்பி மகன் வருவதாகத் தகவல் வந்தது. அந்த வீட்டு வாசலில் வாடகைக்கு என்ற அட்டை மூன்று மாதம் தொங்கியது.

இதை நான் பெரிய துயரமாகச் சொல்லவில்லை. 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். 1931-இல் காந்தியைச் சந்தித்தபோது தனக்குத் தாயகம் இல்லை என்று அவர் சொன்னதை நாம் மேடையில் அடிக்கடி சொல்கிறோம். அதை நாம் நாடு பற்றிய வாக்கியமாக மட்டும் படிக்கிறோம். பரோடாவில் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்ற ஒருவரின் வாக்கியமாகவும் அதைப் படிக்க வேண்டும்.

காலனி என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாதது மட்டும் சிக்கல் இல்லை, குடியிருக்கும் மனையே மிராசுதார் கையில் இருப்பதுதான் அவர்களைக் கட்டிப்போட்ட கயிறு என்பதை அந்த அறிக்கை காட்டியது. 1892-இல் வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாக நாம் சொல்கிறோம். 1920-இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உண்டாக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மனை வாங்கிக் கொடுப்பது அந்தத் துறையின் முக்கிய வேலைகளில் ஒன்று. 1922-இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசுப் பதிவில் ஏறியது. மனையும் பெயரும் அப்போதே ஒன்றாகத்தான் கேட்கப்பட்டன. இதை மறக்கக் கூடாது.

விடுதலைக்குப் பிறகு, 1971-இல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்க வந்தது. 1974-இல் வீடு கட்டித் தர ஒரு கழகம் வந்தது. இன்று அதைத் தாட்கோ என்கிறோம். 1978-இல் நில எடுப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதன் பெயரிலேயே 'ஹரிஜன நலம்' இருக்கிறது. எங்கள் ஆச்சியின் காகிதத்துக்குப் பின்னால் இந்த நீண்ட வரிசை இருக்கிறது. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை, பல தலைமுறை கேட்டு வாங்கியது.

அப்புறம் ஏன் அது வசையானது? அரசாங்கம் மனை கொடுத்தது, ஆனால் எங்கே கொடுத்தது? பழைய சேரிக்குப் பக்கத்தில், ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பாதையில், யாருக்கும் வேண்டாத பள்ளத்தில் கொடுத்தது. பண்ணையாரின் மண்ணை விட்டு நம்மை எடுத்தது. ஊருக்கும் சேரிக்கும் இருந்த தூரத்தை அப்படியே அளந்து கான்கிரீட்டில் கட்டியது. முன்பு வாய்மொழியாக இருந்த எல்லைக்குப் பஸ் ஸ்டாப்பும் பெயர்ப் பலகையும் ரேஷன் கார்டில் முகவரியும் கிடைத்தன.

அம்பேத்கர் கேட்டது இது இல்லை. 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டின் தீர்மானமும், 1947-இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணமும் தனிக் குடியமைப்புகளைக் கேட்டன. ஊரின் கூலி ஆளாக ஊர் ஓரத்தில் இருப்பதற்கு அவர் இடம் கேட்கவில்லை. நிலத்தோடு, ஊரின் தயவு தேவைப்படாத தனி ஊர் கேட்டார். அவர் கேட்ட தனி ஊரிலிருந்து நிலத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் காலனி.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அது கூலி கேட்டதற்கு. நம் பக்கத்துக் கொடியங்குளத்தில் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்களின் பணத்தில் நல்ல வீடுகள் எழுந்தன. 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை உள்ளே புகுந்து அந்த வீடுகளைச் சூறையாடியது. குடிசையாக இருந்தாலும் மாடியாக இருந்தாலும் நம் வீடு அவர்கள் கண்ணை உறுத்துகிறது.

இப்போது மலைக்குப் போவோம். இந்த 17 பேரின் நினைவு நம்மை அங்கே கூப்பிடுகிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,373 ஏக்கரைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை எழும்பியது. அங்கே வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொல் உண்டு. மேனேஜர் இருப்பது பங்களா. வங்காளத்து வீட்டுக்கு இருந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போய் துரை வீடாகத் திரும்பி வந்தது. அலுவலர் இருப்பது குவார்ட்டர்ஸ். தொழிலாளி இருப்பது லைன். பட்டாளத்துச் சிப்பாய்கள் வரிசையாகத் தங்குகிற இடத்துக்கு வைத்த சொல், தோட்டத்துக்கும் வந்தது. இலங்கை மலையகத்தில் அதே சொல் லயம் ஆனது. நமக்கு லயம் என்றால் இசை. அங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த லயங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் குடியேறிய இடங்களைப் பல ஊர்களில் 'சிலோன் காலனி' என்றார்கள். லயத்திலிருந்து காலனிக்கு வந்தார்கள்.

காலனி வீட்டுக்காவது ஒரு காகிதம் இருந்தது. லைன் வீட்டுக்கு அதுவும் இல்லை. வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த வீடு என்றாலும் குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. காடு காடாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. காட்டைத் திருத்தச் சொன்னவர்களிடம் கேட்காத கேள்வியை, கொழுந்து பறித்தவர்களிடம் மட்டும் கேட்கிறார்களே என்பதுதான் என் கேள்வி. 95 ஆண்டு ஒரு மலையில் இருந்தவர்கள் "எங்கள் ஊர்" என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. தொழிலாளி என்ற சொல் இருக்கிறது, வேலை முடிந்ததும் அதுவும் முடிந்துவிடுகிறது.

தோழர்களே, ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். காலனி என்ற சொல் போவது நல்லது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே அந்தச் சொல் இனி இருக்காது என்றால், மழையில் நடந்த எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சேரி கெட்டுப்போனது, ஹரிஜன் கெட்டுப்போனது, காலனி கெட்டுப்போனது. நாளைக்கு எந்த நகர், எந்தப் புரம் வைத்தாலும், அந்த இடம் அதே பள்ளத்தில், அதே தூரத்தில் இருந்தால், இருபது வருஷத்தில் அந்தப் பெயரும் கெட்டுப்போகும். ஒரு கண்டக்டர் அதே குரலில் கூப்பிடுவார். இன்னொரு பிள்ளை முந்திய ஸ்டாப்பில் இறங்கும்.

அதனால் பெயரோடு சேர்த்து நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, பெயரை அங்கே இருப்பவர்கள் வைக்க வேண்டும். கிராம சபையில், பெண்கள் உட்கார்ந்து பேசி வைக்கட்டும். ஒரு பட்டியலிலிருந்து பூவின் பெயரையோ தலைவரின் பெயரையோ எடுத்து மேலிருந்து ஒட்டினால், அது இன்னொரு காலனிதான்.

இரண்டு, பலகை மாறும் அன்றே பட்டா சரி பார்க்கப்பட வேண்டும். தாத்தா பாட்டி பெயரில் வந்த மனைகள் பிள்ளைகளுக்குள் மூன்றாக நான்காகப் பிரிந்து, யார் பெயரிலும் இல்லாமல் கிடக்கின்றன. பட்டா கையில் இருந்தும் இடம் எது என்று காட்டப்படாதவர்கள் இருக்கிறார்கள். மாஞ்சோலை மக்களுக்குக் கொடுக்கப்படும் வீடு எதுவானாலும் அது வேலையோடு, குத்தகையோடு கட்டப்படாத வீடாக இருக்க வேண்டும்.

மூன்று, ஊருக்குள்ளும் நகரத்துக்குள்ளும் நமக்கு வீடு கிடைக்க வேண்டும். 1998-இல் மேலக்கோட்டையில் திறந்த முதல் சமத்துவபுரத்தில் நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு என்று அரசே ஒரு கணக்குப் போட்டது. தனியாக ஒரு புரம் கட்டித்தான் சேர்ந்து வாழ முடியும் என்றால், மற்ற ஊர்கள் எல்லாம் என்ன புரம்? வாடகைக்கு வீடு மறுப்பதைத் தீண்டாமை என்று பெயர் சொல்லி அழைக்கிற சட்டமும் அதைவிட முக்கியமாக அதற்கான துணிச்சலும் நமக்கு வேண்டும்.

எங்கள் ஆச்சி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பட்டாக் காகிதத்தை ஒரு தகர டப்பாவில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் எடுத்துப் பார்ப்பாள், நனைந்திருக்கிறதா என்று. அதில் கிராமத்தின் பெயர் இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, அவள் பெயர் இருக்கிறது. காலனி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அந்தச் சொல்லை அவளாகத்தான் சேர்த்துச் சொன்னாள், பெருமையோடு.

அந்தச் சொல்லை நாம் விட்டுவிடலாம். அந்தக் காகிதத்தை விடக் கூடாது. ஆற்றில் இறந்த 17 பேரும் மனுவோடுதான் வந்தார்கள். அதுவும் ஒரு காகிதம்தான். அது நனைந்தது. நம் கையில் இருப்பது நனையாமல் பார்த்துக்கொள்வோம்.